தோப்புக்கரணம் எண்ணும் போன்: ஒரு கண்டக்டரிடம் கணக்கு ஒப்படைத்த கதை

போன் 37 என்றது. அப்பா 36 என்றார்.

"ஒரு டிக்கெட் இடிக்குதேம்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 32 வருடம் கும்பகோணம் கோட்டத்தில் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்துக்குள் நீந்திப்போய் டிக்கெட் கிழித்து, ஒவ்வொரு ஸ்டேஜிலும் இன்வாய்ஸ் போட்டு, ராத்திரி டிப்போவில் பைசா குறையாமல் கட்டியவரிடம் "மெஷின் தப்பா எண்ணாதுப்பா" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. மெஷின்தான் தப்பாக எண்ணியது. அந்த ஒன்றைத் தேடிப்போன வேலைதான் இது.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது நான் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்கு அப்போது 69 வயது, சர்க்கரை உண்டு. தினமும் விடியற்காலையில் மகாமகக் குளத்தை நாலு சுற்றுச் சுற்றுவார். அது நின்றது. மொட்டை மாடியில் நடக்கச் சொல்லி, போனில் ஒரு நடை ஆப் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தார். வரைபடத்தைப் பார்த்தால் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகை, பக்கத்துத் தெரு எல்லாம் போய் வந்ததாகக் கோடு. திறந்த வெளியில்கூடப் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே காட்டும். எங்கள் மாடியின் நீளமே 30 அடி. இதில் தூரம் அளப்பது வீண்வேலை. ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டுக் காலடி எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டோம். அதற்கும் போன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அப்பா மாடியில் சட்டை போடமாட்டார்.

ஜூமில் யோகா வகுப்பும் பார்த்தோம். 40 நிமிடத்தில் இலவச இணைப்பு அறுந்துவிடும். சரியாக சவாசனத்தில் படுக்கும்போது அறும். அம்மா அதன் பிறகும் கண்ணை மூடிப் படுத்தே கிடப்பாள். எழுப்ப யாரும் இல்லை. ஆசிரியர் "வலது கால்" என்பார், திரையில் அது இடது பக்கம் தெரியும், அம்மா இடது காலைத் தூக்குவாள். ஆசிரியர் எண்ணுவது இங்கே ஒரு நொடி தள்ளி வரும். இரண்டு மாதம் தாங்கியது.

2021 மே 10-இல் தமிழ்நாட்டில் மறுபடி முழு ஊரடங்கு. அந்த வாரம் அப்பா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்ததைக் கவனித்தேன். தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வீடியோவில் பிடித்தோம். அவர் முதலில் ஒரு சோதனை வைத்தார். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட வேண்டும், உட்காரும் பலகை 17 அங்குல உயரம். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்கும் கீழ், விழும் வாய்ப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். கையை ஊன்றி எழுந்தால் மதிப்பெண் பூஜ்யம்.

அப்பா முதல் தடவையே தொடையில் கையை ஊன்றிவிட்டார்.

"கை வச்சா டிக்கெட் செல்லாதா?"

"செல்லாது சார்."

இரண்டாம் தடவை 8. இன்னொரு விதியும் உண்டு: 30-ஆவது நொடியில் பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் முழுசாகக் கணக்கில் சேர்க்கலாம். "அரை டிக்கெட்ட முழு டிக்கெட்டா எழுதுற சட்டமா? நல்லாருக்கே" என்றார். அப்படிச் சேர்த்துத்தான் 8.

தினமும் நாற்காலியில் எழுந்து உட்காருவது, கால் பழகிய பிறகு பாதி ஆழத்துக்கு மட்டும் தோப்புக்கரணம், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னது. அப்பா பிள்ளையாருக்கு 36 போடுவது வழக்கம் என்பதால் 36-ஐ இலக்காக வைத்தோம், மூன்று தவணையாக. (இதையே வெளிநாட்டில் சூப்பர் பிரெயின் யோகா என்று பெயர் மாற்றி மூளைக்கு நல்லது என்கிறார்கள். எங்களுக்கு முட்டிக்கு நல்லதாக இருந்தால் போதும்.) ஆனால் யார் எண்ணுவது? அப்பாவே எண்ணினால் மூச்சு வாங்குகிறது. அம்மா எண்ணினால் நடுவில் "ஏங்க, அந்தப் பால்காரன் கணக்கு" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் மீட்டிங்கில் இருப்பேன். சரி, போனே எண்ணட்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்தது போஸ்நெட். 2018-லிருந்தே பிரவுசரில் ஓடக்கூடியது. படத்தில் இருக்கும் ஆளின் மூக்கு, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று 17 புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். எங்கள் வீட்டுப் பழைய போனில் புள்ளிகள் ஈ மாதிரி தத்திக்கொண்டே இருந்தன. அதே மே மாதத்தில் கூகுள் மூவ்நெட்டை வெளியிட்டது. அதே 17 புள்ளிகள், ஆனால் நிலையாக நின்றன. அதில் லைட்னிங், தண்டர் என்று இரண்டு வகை. லைட்னிங் 192க்கு 192 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்க்கும், வேகம் அதிகம். தண்டர் 256க்கு 256, கொஞ்சம் துல்லியம் அதிகம், மெதுவானது. பழைய போனுக்கு லைட்னிங்தான்.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் இணைத்து முட்டியின் கோணத்தைக் கணக்கிடுவது. நின்றால் 170 டிகிரிக்குப் பக்கம், உட்கார்ந்தால் 90-க்குப் பக்கம். 120-க்குக் கீழே போய்த் திரும்பி வந்தால் ஒன்று. அண்ணன் மகனை அரைக்கால் சட்டையோடு நிறுத்திச் சோதித்தேன். 20-க்கு 20. அவனுக்கு ஒரு மாம்பழம் கொடுத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா வேட்டியில் வந்தார்.

வேட்டிக்குள் முட்டி எங்கே என்று மூவ்நெட்டுக்குத் தெரியவில்லை. மடிப்பைப் பார்த்து ஊகிக்கிறது. ஒரு பிரேமில் (வீடியோவின் ஒரு தனிப்படத்தில்) முட்டி தொடையில் இருக்கும், அடுத்ததில் கெண்டைக்காலில். கோணம் 95, 150, 110 என்று ஆடியது. வேட்டியை மடித்துக் கட்டினால் கொஞ்சம் தேவலை. ஆனால் பிள்ளையார் முன்னால் மடித்துக் கட்டமாட்டேன் என்றார். அம்மா சேலையில் வந்து நின்றபோது நிலைமை இன்னும் மோசம். வலைத்தளங்களில் இருந்த செய்முறை வீடியோக்களில் எல்லாரும் ஒட்டின கால்சட்டையில்தான் நின்றார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு நாள் முட்டியைப் பிடித்துத் தொங்கிவிட்டு விட்டுவிட்டேன். உட்கார்ந்து எழுவதில் உண்மையில் நடப்பது என்ன? இடுப்பு கீழே போகிறது, மேலே வருகிறது. இடுப்பும் தோளும் வேட்டி கட்டினாலும் சேலை கட்டினாலும் ஓரளவு சரியாகவே கிடைக்கின்றன. ஆகவே முதல் 3 நொடி அசையாமல் நிற்கச் சொல்லி, தோளிலிருந்து இடுப்புவரை எத்தனை பிக்சல் என்று குறித்துக்கொண்டேன். அதுதான் அளவுகோல். போனுக்குக் கிட்டே நின்றாலும் தள்ளி நின்றாலும் அவரவர் முதுகின் நீளமே முழக்கோல் ஆகிவிடும். நின்ற இடத்திலிருந்து இடுப்பு அந்த முழக்கோலில் பாதி அளவு இறங்கினால் "கீழே". (திரையில் மேல் ஓரம்தான் பூஜ்யம், கீழே போகப்போக எண் கூடும். இதை மறந்துபோய், அப்பா உட்காரும்போது எல்லாம் எழுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் போயிற்று.)

தோளை மட்டும் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். பார்த்தேன். கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தால்கூட ஒன்று ஏறியது. குனியும்போது தோள் இறங்கும், இடுப்பு அவ்வளவாக இறங்காது. அதனால் இடுப்புதான்.

தோப்புக்கரணத்தில் கைகள் குறுக்கே போய்க் காதைப் பிடிப்பதால் இன்னொரு குழப்பம். வலது மணிக்கட்டு இடது பக்கம் இருப்பதைப் பார்த்து மூவ்நெட் சில சமயம் தோள்களையே இடம் மாற்றிப் போட்டது. இடது தோளை மட்டும் நம்பியிருந்தால் தொலைந்தேன். இரண்டு தோளின் சராசரி, இரண்டு இடுப்பின் சராசரி என்று எடுத்ததும் அந்தப் பிரச்சினை தானாகப் போய்விட்டது. மாறிப் போனாலும் சராசரி அதேதான்.

இனி அந்த 37-க்கு வருகிறேன். அப்போது நான் வைத்திருந்தது ஒரே கோடு. கோட்டுக்குக் கீழே போனால் உட்கார்ந்தார், மேலே வந்தால் எழுந்தார். 24-ஆவதில் அப்பா களைத்துப்போய்ப் பாதி எழுந்த நிலையில் ஒரு நொடி நின்றிருக்கிறார். கால் நடுங்கியிருக்கிறது. இடுப்பு அந்தக் கோட்டைக் கீழே மேலே இரண்டு முறை உரசியதும் இரண்டாக எழுதிவிட்டது. பதிவுசெய்து வைத்திருந்த எண்களை வரைந்து பார்த்தபோது அந்த இடத்தில் ரம்பப் பல் மாதிரி சின்னதாக ஒன்று தெரிந்தது.

மருந்து பழையதுதான், தண்ணீர்த் தொட்டி மிதவை சுவிட்சில் இருப்பது. மோட்டார் ஓட ஒரு மட்டம், நிற்க வேறு மட்டம். அதுபோல இரண்டு கோடு போட்டேன். முழக்கோலில் 0.5 இறங்கினால்தான் "உட்கார்ந்தார்", 0.2-க்குள் திரும்பினால்தான் "எழுந்தார்". நடுவில் எவ்வளவு நடுங்கினாலும் கணக்கு ஏறாது. கூடவே, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 0.8 நொடியாவது இடைவெளி வேண்டும் என்றும் வைத்தேன். அப்பா அதைவிட வேகமாக எழுந்து உட்காரப்போவதில்லை.

அன்று சாயங்காலம் 36-க்கு 36. ஆனால் அப்பா முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போன பிறகு போன் 37 என்றது. ஹாலில் யாருமே இல்லை. சுவரில் தாத்தா படம் மட்டும், சந்தனப்பொட்டும் பிளாஸ்டிக் மாலையுமாக. ஆள் போனதும் மூவ்நெட் படத்திலிருந்த தாத்தாவைப் பிடித்துக்கொண்டது. மார்பளவுப் படம், இடுப்பு சட்டத்துக்குள் இல்லை. சுவரில் எங்கேயோ இடுப்பை ஊகித்து அதை ஆட்டிக்கொண்டிருந்தது. "உங்க தாத்தா உயிரோட இருந்தப்ப ஒரு நாள் போட்டதில்ல" என்றாள் அம்மா. ஒவ்வொரு புள்ளிக்கும் மூவ்நெட் 0-விலிருந்து 1-க்குள் ஒரு நம்பிக்கை மதிப்பும் தரும். தாத்தாவின் இடுப்புக்கு 0.1, 0.15 என்றுதான் வந்தது. 0.35-க்குக் கீழே இருந்தால் அந்தப் பிரேமையே தூக்கிப் போடு என்று ஒரு வரி சேர்த்தேன்.

அந்த ஒரு வரி வேறு இரண்டு பிரச்சினையையும் காட்டிக்கொடுத்தது. காலை 7 மணிக்குக் கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் நின்றால் அப்பா வெறும் நிழலுருவம், மதிப்பு விழுந்தது. இடத்தைத் திருப்பிப் போட்டோம். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் வெள்ளை பனியன், தோள் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தோளில் சிவப்புத் துண்டு ஏறியதும் சரியானது.

வீட்டுக்குள் ஒரு எதிர்ப்பும் இருந்தது. ஹாலில் கேமரா என்றதும் அண்ணி, "நான் நைட்டியோட குறுக்க போவேன், வருவேன். அதெல்லாம் எங்க போய்ச் சேருமோ" என்றாள். நியாயமான கேள்வி. படம் எங்கேயும் போவதில்லை, கணக்கு முழுக்கப் போனுக்குள்ளேயே நடக்கிறது என்று விளக்கினேன். நம்பவில்லை. எண்ணும் வலைப்பக்கத்தைத் திறந்து, மூவ்நெட் போனுக்குள் இறங்கியதும், போனைப் பிளைட் மோடில் போட்டுக் கையில் கொடுத்தேன். தானே நின்று ஐந்து போட்டுப் பார்த்தாள். எண்ணியது. "சரி, அப்ப பிளைட்ல போட்டே வைங்க" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான். மின்சாரம் போய் வைஃபை நின்றாலும் வேலை நிற்காது என்பது உபரி லாபம்.

இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: பிரவுசர் கேமராவைத் தர வேண்டுமென்றால் பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும். லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினிக்குள்ளேயே திறந்தால்) அருமையாக ஓடும். அதே வீட்டு வைஃபையில் போனிலிருந்து லேப்டாப்பின் எண் முகவரியைத் தட்டினால் கேமரா வராது, பிழைச் செய்தியும் தெளிவாக இருக்காது. இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ளும் இடம் ஒன்றில் ஏற்றியதும் தீர்ந்தது. அப்புறம், 30 நொடியில் திரை அணைந்தால் கேமராவும் நின்றுவிடும். திரையை விழித்திருக்கச் செய்யும் வசதி க்ரோமிலேயே இருக்கிறது, அதைக் கூப்பிட வேண்டும்.

போனை எதில் நிறுத்துவது என்பதற்கு இவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கவில்லை. முதலில் ஸ்டூல் மேல் பருப்பு டப்பா, அதில் சாய்த்த போன். அப்பா தொம்மென்று உட்கார்ந்தால் வழுக்கும். இம்மி சாய்ந்தாலும் முதல் 3 நொடியில் எடுத்த அளவு எல்லாம் வீண். கடைகள் பூட்டியிருந்தன. மோட்டார் லைன் போட்டபோது மிஞ்சிய முக்கால் அங்குல பிவிசி பைப், மூன்று டீ, நாலு எல்போ பரணில் கிடந்தன. அவற்றை வைத்து 3 அடி உயரத்தில் ஒரு ஸ்டாண்டு செய்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போனை இறுக்கினேன். அடிப் பைப்பில் மணல். எட்டரை அடி தள்ளி நின்றால் உச்சி முதல் உள்ளங்கால்வரை சட்டத்துக்குள் வருகிறது. நிற்கும் இடத்தைச் சிவப்பு சிமெண்ட் தரையில் அரிசிமாவால் புள்ளி வைத்துக் காட்டினேன். மறுநாள் காலையில் எறும்பு கொண்டுபோயிருந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப் இன்றுவரை இருக்கிறது.

எட்டரை அடியில் அப்பாவுக்குத் திரையில் எண் தெரியாது. குரல் வேண்டும். பிரவுசரிலேயே பேசும் வசதி உண்டு, தமிழ்க் குரலைப் போன் அமைப்புகளில் இறக்கிக்கொண்டால் தமிழிலேயே சொல்லும். ஆனால் "இருபத்தி மூன்று" என்று அது நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா 24-ல் இருப்பார். வரிசையில் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் அவர் உட்கார்ந்து மோர் குடிக்கும்போதும் எண்ணிக்கொண்டிருந்தது. புதிய எண் வந்தால் பழையதை அங்கேயே வெட்டு என்று செய்தேன். "இருபத்தி… இருபத்தி… இருபத்தி" என்று திக்கியது.

அம்மாவை உட்காரவைத்து ஒன்று முதல் அறுபதுவரை பதிவு செய்தேன். பேச்சு வழக்கு எண்கள் குறுகியவை. "இருவத்திமூணு" ஒரே மூச்சில் முடிந்துவிடும். முதல் எண்ணை அவள் "லாபம்" என்றாள். அம்மா பிறந்தது களத்துமேடு வைத்திருந்த குடும்பம். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். மாற்றச் சொல்லவில்லை. "பதினேழு" சொல்லும்போது மட்டும் ஒரு இருமல் விழுந்துவிட்டது. அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன்.

போன் சூடானதும் ஒரு பாடம். கிடைக்கிற வேகத்தில் எல்லாம் ஓடவிட்டிருந்தேன், நொடிக்கு 15 பிரேம்வரை போனது. கும்பகோணத்து ஜூன் வெயிலில் பத்து நிமிடத்தில் தோசைக்கல் ஆகி, வேகம் தானாக 4-க்கு இறங்கி, நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போயின. ஒரு முறை உட்கார்ந்து எழ அப்பாவுக்கு 3 நொடி ஆகிறது. அதற்கு நொடிக்கு 8 பிரேம் தாராளம். 8-இல் கட்டிவைத்தேன்.

சரிபார்த்தது அப்பாதான். பழைய டைரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாலு பத்தி: தேதி, போன் கணக்கு, என் கணக்கு, வித்தியாசம். மூன்று தவணைக்கும் மனசுக்குள் எண்ணி, முடிந்ததும் எழுதுவார். ஒற்றைக் கோடு இருந்த முதல் 10 நாளில் அவர் கணக்கு 360, போன் கணக்கு 391. எல்லாம் திருத்திய பிறகு 20 நாளில் 720-க்கு 717. விட்டுப்போன மூன்றும் ஒரே நாளில், அண்ணன் மகன் குறுக்கே வந்து நின்றபோது. "பஸ்ஸுக்குள்ள வித்தவுட்ல ஒருத்தன் ஏறிட்டான்" என்று அந்த வரிக்கு எதிரே குறிப்பு இருக்கிறது.

ஜூலையில் தளர்வுகள் வந்ததும் குளத்தங்கரைக்குத் திரும்பிவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரம் 30 நொடிச் சோதனை வைத்தபோது 13. பிசியோதெரபிஸ்ட் வீடியோவில் கைதட்டினார். அதோடு ஸ்டாண்டு பரணுக்குப் போனது. நானும் கட்டாயப்படுத்தவில்லை, வெளியே நாலு பேரைப் பார்த்து நடப்பது வேறு சுகம். ஆனால் நடை மட்டும் காலுக்குக் காணாது போல. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது, நவம்பர் முழுக்க வாசலில் இறங்க முடியவில்லை. சந்தேகத்தில் சோதனை வைத்தேன்: 10. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து வரும்போது ஸ்டாண்டு ஹாலில் இருந்தது, டியூப் வளையம் வெடித்துப் போனதால் அம்மாவின் பழைய ரிப்பனால் போனைக் கட்டியிருந்தார். 65 வயது தாண்டியவர்கள் நடையோடு நிற்காமல், வாரத்தில் 3 நாளாவது வலுவும் சமநிலையும் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. அதைக் காட்டினேன். "செவ்வா, வியாழன், சனி" என்று டைரியில் எழுதிக்கொண்டார். மற்ற நாள் குளம்.

2022 மே மாதம் பழைய போனின் பேட்டரி உப்பிப் பின்மூடி எழும்பிவிட்டது. எப்போதும் சார்ஜரில் சொருகியபடியே ஓட்டியது என் தப்பு. உப்பின பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. அப்படியே மணலில் வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்தோம். இப்போது ஓடுவது அண்ணி மாற்றிப்போட்ட போன், முடிந்ததும் சார்ஜரைப் பிடுங்கிவிடுவோம். நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். திருத்தம் ஏதாவது இருந்தால் இங்கிருந்தே பக்கத்தை மாற்றிவிடுகிறேன், அவர்கள் வைஃபையில் ஒரு தடவை திறந்துவிட்டு மறுபடி பிளைட் மோடுக்குப் போய்விடுவார்கள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் "அந்தப் பதினேழ மட்டும் திரும்பச் சொல்லேம்மா, இருமலை எடுத்துடறேன்" என்றேன். மைக்கை நீட்டியதும் அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"அத மாத்தாதம்மா. அங்கதான் நான் ரெண்டு நொடி நின்னு மூச்சு வாங்கிக்கறேன்."

ரெண்டு நொடி நிற்கிறாரா என்று பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் 17-க்கும் 18-க்கும் நடுவில் கோடு சமதளமாக ஓடியிருந்தது. சுமார் இரண்டரை நொடி.